மேற்படி பூச்சி

பல்கலைக்கழகத்தில் அவரை எல்லாரும் மொட்டையண்ணன் என்றுதான் அழைத்தார்கள். அவர் தலையில் முடிக்குக் குறைச்சல் இல்லை. ஐம்பத்தாறு வயதிலும் சீப்பு உடைகிற அளவுக்கு அடர்த்தி. அந்தப் பட்டம் அவருடைய பொறுப்பிலிருந்த நிலத்தைப் பார்த்து வந்தது. பழைய தேர்வுக்கூடத்துக்குப் பின்னால் நாற்பதடி நீளமும் முப்பதடி அகலமுமாக ஒரு திட்டு. மண்ணும் பழைய கட்டடத்துச் சுண்ணாம்புக் காரையும் கலந்து இறுகிப்போன தரை. வளாகம் முழுக்கப் பச்சைப் பசேலென்று இருக்க, அது மட்டும் சவரம் செய்த கன்னம் போலக் கிடக்கும். பதினோரு ஆண்டுகளாக அந்த இடத்துக்குத் தோட்டக்காரர் அவர்தான்.

இதெல்லாம் கண்ணால் பார்ப்பவர்களுக்கு. காகிதத்தில் அது புல்தரை. வளாக அலுவலகத்தின் பசுமைப் பதிவேட்டில் பதினேழாம் எண்: 'புல்தரை, நல்ல நிலை.' எந்தப் புண்ணியவான் எந்தக் காலத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனாரோ யாருக்கும் தெரியாது. வாரம் ஒருமுறை அதற்கு நேராகத் தோட்டக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். என்ன வேலை செய்தோம் என்று எழுதுகிற சிரமத்தைக்கூட அவருக்கு வைக்கவில்லை. 'புல் வெட்டப்பட்டது' என்று அச்சடித்தே இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் கையெழுத்துப் போடாமல் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வளாக அதிகாரியிடம் போய் நின்றார். அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழு வளாகத்தையும் பராமரிப்பவர்.

"சார், அங்க புல்லே இல்ல. எதை வெட்டினேன்னு நான் கையெழுத்து போடுறது?"

"பதிவேட்டுல புல்தரைன்னு இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப கையெழுத்து போடுய்யா. புல்லு பின்னாடி வரும்."

போட்டார். போட்ட கையெழுத்தைப் பொய்யாக்கக் கூடாது என்று இரண்டு ஆண்டுகள் உயிரைக் கொடுத்து உழைக்கவும் செய்தார். குழாய் எட்டாத இடமென்பதால் வாளியில் தண்ணீர் சுமந்தார். விதை தூவினார், எரு போட்டார். புல் தலையை நீட்டிப் பார்க்கும், ஒரு வாரம் யோசிக்கும், பிறகு மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மொட்டையண்ணன் என்ற பெயர் அப்போதுதான் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் ஆண்டின் முதல் மழை பெய்து மண் இளகிய மறுநாள், கொத்திவிடலாம் என்று மண்வெட்டியோடு போனவர் அப்படியே நின்றுவிட்டார். தரையெங்கும் பென்சில் நுழைகிற அளவில் ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையின் வாயிலும் சலித்தெடுத்தது போல ஒரு பிடி மண். உள்ளிருந்து அரை நகம் அளவு தேனீ ஒன்று பின்பக்கமாக வெளியே வந்து மண்ணைத் தள்ளிவிட்டு மறுபடி உள்ளே போனது. கூட்டம் கிடையாது, ராணி கிடையாது, கொட்டுகிற வழக்கமும் இல்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குழி தோண்டி, கால் முழுக்க மகரந்தத்தை அப்பிக்கொண்டு வந்து உள்ளே சேர்த்து, முட்டையிட்டு, வாயை மூடிவிட்டுப் போனது. ஆறு வாரம்தான். பிறகு அடுத்த மழை வரைக்கும் குஞ்சுகள் மண்ணுக்குள் தூங்கும்.

அவர் சாப்பாட்டு டப்பாவோடு அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலத்தைப் பார்த்து முகம் சுளிக்காத முதல் உயிர் அதுதான். அன்றோடு வாளியை மூலையில் வைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் தப்பித்தவறி அங்கே ஒரு புல் முளைத்தால் அவரே பிடுங்கிப் போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் போய் 'புல் வெட்டப்பட்டது' என்பதற்கு நேராகக் கையெழுத்தும் போட்டார். யோசித்துப் பார்த்தால், ஒருவகையில் அது உண்மைதான்.

இப்படியே ஓய்வு பெறுகிற வரைக்கும் ஓட்டியிருப்பார். ஆனால் பதினோராம் ஆண்டு மழைக்கு விலங்கியல் துறையின் பூச்சிப் பேராசிரியை வலையும் கையுமாக அந்தப் பக்கம் வந்தார். வேறு எதையோ தேடி வந்தவர், தரையைப் பார்த்ததும் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இதைக் கடைசியா ஒருத்தர் பார்த்து நாப்பது வருஷம் ஆச்சு. எங்கயுமே இல்லைன்னு எழுதி முடிச்சுட்டாங்க. இந்த இடத்தை யார் இப்படி வச்சிருக்கறது?"

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார் மொட்டையண்ணன். "நான்தான் மேடம். புல்லு வரமாட்டேங்குது."

"வரவே கூடாது. வந்தா இதுங்க தோண்ட முடியாது. மொத்தமும் போயிடும். நீங்க பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க."

பதினோரு ஆண்டில் அந்த வளாகத்தில் அவர் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. இரண்டு பேருமாகக் குச்சி நட்டு ஓட்டைகளை எண்ணினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அந்த எண்ணைச் சொன்னார். பெரிய பரீட்சையில் தேறிய பையன் போலச் சொன்னதாக அவர் மனைவி பிறகு தன் தம்பியிடம் சொல்லிச் சிரித்தார்.

இந்த நல்ல செய்தி பல்கலைக்கழகத்தின் காதுக்கு எட்டாமல் இருந்திருக்கலாம். எட்டிவிட்டது. தேர்வுக்கூடத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் ஒன்பது மாடி நிர்வாக மாளிகை கட்டுவதாக இருந்தார்கள். பேராசிரியை எழுதிய கடிதத்தால் சுற்றுச்சூழல் துறை ஒரு நிபந்தனை விதித்தது: 'கட்டுமானக் காலம் முழுவதும் மேற்படி பூச்சியின் வாழிடம் தற்போதுள்ள நிலையிலேயே பராமரிக்கப்பட வேண்டும்.' அழகான வாக்கியம். அதில் ஒரு பிழையும் இல்லை.

வாழிடப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். பதினான்கு உறுப்பினர்கள், தலைவர் பதிவாளர். மொட்டையண்ணன் சிறப்பு அழைப்பாளர். சிறப்பு அழைப்பாளருக்கு நாற்காலி உண்டா என்று விதிமுறையில் இல்லாததால் அவர் சுவரோரமாக நின்றார்.

முதல் கூட்டம் பூச்சியின் பெயரோடு முடிந்துபோனது. பேராசிரியை எழுதிக் கொடுத்த விஞ்ஞானப் பெயரை யாராலும் வாயில் நுழைக்க முடியவில்லை. தேனீ என்று சொல்லலாம் என்றார் ஒருவர். தேனீ என்றால் கொட்டும் என்று மாணவர்களின் பெற்றோர் பயப்படுவார்கள் என்றார் இன்னொருவர். ஒன்றரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு துறையின் கடிதத்தில் உள்ளபடி 'மேற்படி பூச்சி' என்றே குறிப்பிடுவது எனத் தீர்மானம் நிறைவேறியது. கையோடு சின்னமும் முடிவானது. பச்சை வட்டத்துக்குள் ஒரு பட்டாம்பூச்சி.

"மேடம், தேனீ படம் கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கு," என்று பேராசிரியையிடம் விளக்கினார் பதிவாளர். "நம்ம நோக்கம் பாதுகாப்பு. பாதுகாக்கணும்னு தோணுற மாதிரி ஒரு முகம் வேணும்ல?"

அடுத்து பாதுகாப்பு வேலைகள் மும்முரமாகத் தொடங்கின. மொட்டையண்ணன் தூக்கத்தைத் தொலைத்ததும் அதோடுதான். வேலி போட்டார்கள். கம்பம் நட்டதில் இருபத்துமூன்று ஓட்டைகள் போயின. 'உள்ளே நுழையாதீர்' என்று ஒரு பெரிய பலகை வைத்தார்கள். பலகையைத் தூக்கி வந்த ஆறு பேரும் உள்ளே நுழைந்துதான் அதை நட்டார்கள். விழிப்புணர்வு நடை என்று இருநூறு மாணவர்கள் பட்டாம்பூச்சி படம் போட்ட அட்டைகளோடு வந்து, மற்ற இடமெல்லாம் ஈரப் புல் என்பதால், குழுப் படம் எடுக்க அந்தத் திட்டின் மேலேயே வரிசை கட்டினார்கள். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினார். அடுத்த மாதப் பல்கலைக்கழக மலரின் அட்டையில் அந்தப் படம் வந்தது. 'மகிழ்ச்சியில் துள்ளும் ஊழியர்' என்று கீழே போட்டிருந்தார்கள்.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். மண்ணுக்குள் போன முட்டைகளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆறு வாரம் கழிந்து ஓட்டைகள் எல்லாம் மூடிக்கொண்டன. பூச்சிகள் தங்கள் வேலையை முடித்துவிட்டன.

மூன்றாவது கூட்டத்தில்தான் குடி கெட்டது. வளாக அதிகாரி பசுமைப் பதிவேட்டை மேசைமேல் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தணிக்கைக் குழு வரும்போது இடத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்றார். பதிவேட்டில் 'புல்தரை, நல்ல நிலை'. தற்போதுள்ள நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. தற்போதுள்ள நிலை எது என்பதற்கு ஆவணம் பதிவேடு ஒன்றுதான். தரையைப் பார்த்தால் ஆவணத்துக்கு மாறாக இருக்கிறது.

பதிவாளர் கண்ணை மூடி யோசித்தார்.

"ரெண்டு வழி இருக்கு," என்றார். "ஒண்ணு, பதிவேட்டைத் திருத்தறது. அதுக்கு ஆவணத் திருத்தக் குழு கூடணும். அந்தக் குழுவுல பாதிப் பேர் ஓய்வு பெற்றாச்சு, ரெண்டு பேர் உயிரோடயே இல்ல. புதுசாப் போட்டு முடிக்க ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கட்டட வேலை நிக்கும். இன்னொண்ணு, தரையைத் திருத்தறது. அதுக்கு ரெண்டு நாள் போதும்."

"சார், புல்லு போட்டா எல்லாம் செத்துடும்," என்றார் பேராசிரியை.

"நாம புல்லு போடல மேடம். புல்லு ஏற்கனவே இருக்கு. கண்ணுக்குத் தெரியாம இருக்கு. தெரியற மாதிரி பண்றோம், அவ்வளவுதான்."

பதின்மூன்று தலைகள் ஆடின. பேராசிரியை இன்னொரு முறை வாயைத் திறந்தார். அதற்குள் பதிவாளர், புதிய மாளிகையின் ஒன்பதாம் மாடியில் முழுத் தளமும் பூச்சி ஆய்வுக்கூடத்துக்கு ஒதுக்கப்படும் என்றும், அம்மையார்தான் அதன் இயக்குநர் என்றும், அதெல்லாம் கட்டடம் நேரத்துக்கு முடிவதைப் பொறுத்தது என்றும் அறிவித்தார். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

வெளியே படிக்கட்டில் அவர் மொட்டையண்ணனைத் தனியே பிடித்தார்.

"அங்க எப்பவுமே புல்லு இருந்ததில்லைன்னு யாராவது எழுத்துல குடுத்தா, அது ஒரு ஆவணம் ஆகும். நான் அதை வச்சுப் பேசிப் பார்ப்பேன்."

"யார் மேடம் குடுப்பாங்க?"

அவர் மொட்டையண்ணனையே பார்த்தார். பதினோரு ஆண்டு, வாரம் ஒரு கையெழுத்து. அந்த இடத்தில் புல் இல்லை என்று சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள், புல்லை வெட்டியதாக ஐந்நூற்று எழுபத்திரண்டு முறை கையெழுத்துப் போட்ட ஆள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் இதை வீட்டில் சொன்னார். வீடென்றால் வளாகத்துக்குள்ளேயே ஊழியர் குடியிருப்பில் இரண்டு அறை. வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. மனைவி மாணவர் விடுதிச் சமையலறையில் வேலை பார்ப்பவர். கேட்டுவிட்டு, உலர்ந்த துணிகளை மடிப்பதை அவர் நிறுத்தவில்லை.

"வேலை போயிடும்."

"ம்."

"வீடும் போயிடும்."

"தெரியும்."

"ஒரு பூச்சிக்காகவாங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் வச்ச எதுவும் அந்த இடத்துல பிழைச்சதில்ல. அதுவா வந்துச்சு. அதுவா இருந்துச்சு. இப்ப என் கையெழுத்தாலயே அதைப் புதைக்கப் போறாங்க. எனக்குத் தாங்கல."

மனைவி கடைசித் துணியையும் மடித்து வைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"பேனாவை இங்க குடுங்க. உங்க எழுத்து உங்களுக்கே புரியாது. பதினோரு வருஷமா பொய் எழுதினப்ப ஒருத்தரும் எதுவும் கேக்கல. இப்ப உண்மை எழுதறோம், கண்டிப்பா கேப்பாங்க. அதுக்காகவாவது தெளிவா இருக்கணும்."

கடிதம் எட்டு வரிதான். பதினேழாம் எண் இடத்தில் புல் இருந்ததில்லை. இல்லாத புல்லை வெட்டியதாகக் கையெழுத்துப் போட்டது என் தவறு. முதல் இரண்டு ஆண்டு புல் வரவில்லை, அதன்பிறகு நான் வரவிடவில்லை. அந்தப் பூச்சிகள் அங்கே குடியிருக்கின்றன. என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், புல் மட்டும் போடாதீர்கள். மனைவியின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

விசாரணைக்கு அழைத்தார்கள். இந்த முறை உட்கார நாற்காலி கொடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நாற்காலி உண்டென்று விதி தெளிவாக இருந்தது.

"ஒரு பக்கம் ஐந்நூத்தி எழுபத்திரண்டு கையெழுத்து," என்றார் பதிவாளர். "இன்னொரு பக்கம் ஒரே ஒரு கடிதம். நீங்களே சொல்லுங்க, நான் எதை நம்பறது?"

"நேர்ல வந்து பாருங்க சார். இங்கேருந்து நூறடிதான்."

"நான் போய்ப் பார்த்தா அது என் சொந்தக் கருத்து ஆயிடும். இந்த நாற்காலியில உக்காந்து சொந்தக் கருத்து வச்சுக்க முடியுமா? முப்பது வருஷமா நான் எதையும் நேர்ல பார்த்ததில்ல. அதனாலதான் என்மேல ஒரு குறை சொல்ல முடியாது."

"கையெழுத்துப் போடச் சொன்னது இந்த சார்தான்," என்று மொட்டையண்ணன் வளாக அதிகாரியைக் காட்டினார்.

வளாக அதிகாரி கோபப்படவில்லை. "நான் சொல்லியிருந்தா எழுத்துல இருக்குமே," என்றார் அமைதியாக.

பேராசிரியை பேசுவார் என்று எதிர்பார்த்து மொட்டையண்ணன் அவர் இருக்கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அது காலியாக இருந்தது. மேற்படி பூச்சியைக் காப்பாற்றியது எப்படி என்று உரையாற்ற வெளிநாட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

தீர்ப்பு இரண்டு பக்கம் வந்தது. இல்லாத புல்லை ஐந்நூற்று எழுபத்திரண்டு முறை வெட்டுவது மனித முயற்சியால் இயலாதது. ஆகவே புல் இருந்தது உறுதியாகிறது. நெடுநாள் வெயிலில் வேலை செய்ததால் ஊழியருக்குப் புல்லைக் காணும் திறன் குறைந்திருக்கலாம், எனவே கண் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறார். பல்கலைக்கழக மருத்துவமனையில் கண் மருத்துவர் அவரை எழுத்து அட்டையின் கடைசி வரிவரை படிக்கச் சொன்னார். ஒரு எழுத்து விடாமல் படித்தார். பார்வை நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் வந்ததும் இரண்டாவது உத்தரவு வந்தது: பார்வை நன்றாக இருப்பதால், புல் இருப்பது தெரிந்தே இல்லையென்று கூறியிருக்கிறார். கடுமையாக எச்சரிக்கப்படுகிறார்.

வேலையிலிருந்து நீக்கவில்லை. பழைய பணியாளர் என்று பெருந்தன்மையோடு மன்னித்து, பச்சை மேலங்கி ஒன்றைக் கொடுத்து, 'வாழிடக் காவலர்' என்ற பதவியையும் சூட்டினார்கள். முதுகில் பட்டாம்பூச்சி.

அதே வாரம் லாரி வந்தது. திட்டின் மேல் இரண்டு அங்குலத்துக்கு நல்ல மண்ணைக் கொட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் வலை விரித்து, பாய் போலச் சுருட்டி வந்த புல்லைப் பிரித்துப் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக உருளையை நாலு தடவை ஓட்டினார்கள். உருளை போகும்போது தரை அதிர்வது அவர் உள்ளங்காலில் தெரிந்தது. அடியில் கிட்டத்தட்ட நானூறு அறைகளில் கண் திறக்காத குஞ்சுகள். அவர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டார். அந்த நின்ற நிலையை அவரால் மன்னிக்க முடியவில்லை.

காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொல்லி உத்தரவு. இப்போது குழாயும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். புல் வளர்ந்தது. கொஞ்சமும் வெட்கமில்லாமல் வளர்ந்தது. முதல் வெள்ளிக்கிழமை அதை வெட்டிவிட்டு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தில் அவர் போட்ட முதல் உண்மையான கையெழுத்து. அது பழைய கையெழுத்துகளைப் போல இல்லை என்று எழுத்தர் இன்னொரு முறை போடச் சொன்னார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை துறைக்கு அறிக்கை போனது. 'மேற்படி பூச்சியின் கூடுகள்: 412. நிலை: புல்லின் முழுப் பாதுகாப்பில் உள்ளன.'

ஓராண்டு ஓடியது. பக்கத்தில் நாலு மாடி எழும்பிவிட்டது. தணிக்கைக் குழு வந்து, பதிவேட்டைப் பார்த்து, புல்லைப் பார்த்து, ஒரு புல்லும் முரண்படவில்லை என்று முழு மதிப்பெண் கொடுத்தது. சிறந்த வாழிடப் பராமரிப்புக்கான விருது அறிவிக்கப்பட்டது. விருது விழாவை அந்தப் புல்தரையின் ஓரத்திலேயே துணிக்கூடாரம் போட்டு வைத்துக்கொண்டார்கள். முதல் மழை பெய்து மூன்று நாள் ஆகியிருந்தது.

பதிவாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "ஒரு சிறு உயிருக்கு முன்னால் ஒரு மாபெரும் நிறுவனம் தலைவணங்கி நிற்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு தனிமனிதரின் குரல் கேட்காமல் போகலாம். ஆனால் ஒரு பூச்சியின் குரல் கேட்காமல் போகாது."

கைதட்டல் ஓய்வதற்குள் அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒலிவாங்கியில் இன்னொன்று. புல் பாய்கள் ஒட்டுகிற இடுக்குகளில், வேலியோரத்தில், எப்படியோ முட்டி மோதி வெளியே வந்தவை. நாற்பது ஐம்பது இருக்கும். பிறந்த இடத்தைத் தேடிப் புல்லின் மேல் வட்டமடித்தன. இறங்கிக் காலால் துழாவின. மண் தட்டுப்படவில்லை. எழுந்து மறுபடி சுற்றின. அந்த ஓரத்தில் மேலங்கியோடு நின்ற மொட்டையண்ணனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாகவில்லை, எல்லாம் சாகவில்லை.

விருந்தினர்கள் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டார்கள். ஒரு உயரதிகாரி எழுந்தே விட்டார். பதிவாளர் ஒலிவாங்கியைக் கையால் மூடினார்.

"மேற்படி பூச்சியோட வாழிடத்துல இந்தக் கண்ட பூச்சியெல்லாம் எப்படி வந்துச்சு?"

"சார்," என்றார் மொட்டையண்ணன், "இதுதான் மேற்படி பூச்சி."

பதிவாளர் தன் சட்டையில் இருந்ததைப் பார்த்தார். பின்னால் திரும்பி மேடைத் துணியிலிருந்த சின்னத்தைப் பார்த்தார்.

"அதுக்கு றெக்கை பெரிசா, கலரா இருக்கும்யா. எனக்குத் தெரியாதா?"

முன்வரிசையில் பேராசிரியை உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பூச்சியைப் பார்த்தார், பிறகு நாலாம் மாடிச் சாரத்தைப் பார்த்தார், அதற்கு மேலே இன்னும் கட்டப்படாத ஐந்து மாடி உயரத்துக்கு வெறும் வானத்தைப் பார்த்தார்.

"மாதிரி எடுத்துப் பரிசோதனை பண்ணாம உறுதியாச் சொல்ல முடியாது," என்றார். "நாலு மாசம் ஆகலாம்."

"அதுவரைக்கும் இது அடையாளம் தெரியாத பூச்சி," என்று முடித்தார் பதிவாளர். "வாழிடக் காவலர், மருந்து அடிங்க. பாதுகாக்கப்பட்ட இடத்துல வேத்துப் பூச்சியை விட்டா நாளைக்கு நம்மளைத்தான் கேப்பாங்க."

வளாக அதிகாரியே ஓடிப்போய் மருந்துத் தெளிப்பானைக் கொண்டுவந்து அவர் தோளில் மாட்டிவிட்டார். மொட்டையண்ணன் இரண்டடி நடந்தார். தெளிப்பானைக் கழற்றிக் கீழே வைத்தார். மேலங்கியையும் கழற்றி மடித்து அதன்மேல் வைத்தார். வேலியோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புல்தரைக்குள் இறங்கி, ஒரு பாயின் ஓரத்தில் கொத்தி, வலையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தார். பின்னாலிருந்து என்னென்னவோ கேட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொட்டிய மண்ணை வழித்துத் தள்ளி, அடியிலிருந்த பழைய காரை மண் வெளுப்பாகத் தெரியும்வரை சுரண்டினார்.

அவரைப் பிடிக்க வாசலில் நின்ற காவலரை ஏவினார்கள். காவலர் வேறு யாருமில்லை, அவருடைய மனைவியின் தம்பிதான். வேலைக்குச் சேரும்போது ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து சேர்ந்தவர். அன்றைக்கு நூறடி தூரத்தைக் கடக்க அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. நடுவில் குனிந்து காலணிக் கயிற்றை வேறு கட்டிக்கொண்டார். பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தபோது மூன்றாவது பாயும் உரிந்திருந்தது.

"போதும் மச்சான்," என்றார் மெதுவாக. "இதுக்கு மேல மெதுவா நடக்க எனக்குத் தெரியல."

நாலு மாடி கட்ட ஓராண்டு எடுத்துக்கொண்ட நிறுவனம், அவரை வேலையிலிருந்து நீக்க மூன்றே நாள் எடுத்துக்கொண்டது. குற்றப்பத்திரிகையில் ஒரே குற்றம்தான். 'அருகிவரும் உயிரினமான மேற்படி பூச்சியின் பாதுகாக்கப்பட்ட வாழிடத்தைப் பலர் முன்னிலையில் வேண்டுமென்றே சேதப்படுத்தியது.' அத்தோடு தண்டனைக்குக் கூடுதல் காரணமாக, அதே இடத்தைப் பற்றி அவர் முன்பு பொய்க் கடிதம் கொடுத்ததையும் சேர்த்திருந்தார்கள். மனைவி அதைப் படித்துவிட்டு, அவர்களுடைய தட்டச்சைவிடத் தன் கையெழுத்து நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கினார்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியேறினார்கள். மனைவி விடுதிக்கு இரண்டு பேருந்து மாறிப் போய்வந்தார். மொட்டையண்ணன் ஒரு நாற்றுப் பண்ணையில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை தேடிக்கொண்டார். அங்கே அவரை யாரும் மொட்டை என்று கூப்பிடவில்லை. அது அவருக்கு ஏனோ பிடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஓய்வு நாளில் மைத்துனர் வந்தார். டீ குடிக்கும்வரை வளாகத்துப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு மொட்டையண்ணனே கேட்டார்.

"அந்த மூணு பாயும் திருப்பி ஒட்டிட்டாங்களா?"

"அன்னைக்கே ஒட்டிட்டாங்க. நீங்க சுரண்டினதுல அடி மண்ணு போச்சுல்ல, புல்லு பிடிக்கல. பத்து நாள்ல கருகிடுச்சு. வாரி எடுத்துட்டாங்க. இப்ப அந்த மூணு பாய் அகலம் மட்டும் மொட்டையாக் கிடக்கு." மைத்துனர் தம்ளரைக் கீழே வைத்தார். "குனிஞ்சு எண்ணிப் பார்த்தேன் மச்சான். ஏழு ஓட்டை இருக்கு."

நானூற்றுப் பன்னிரண்டு என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. அடுப்படியில் மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார்.

"புதுத் தோட்டக்காரன் எப்படி?"

"நல்லவனாத்தான் தெரியறான். போன வாரம் பதிவேட்டைத் தூக்கிட்டு வளாக அதிகாரிகிட்டப் போயிருக்கான். சார், மூணு பாய் அகலத்துக்குப் புல்லே இல்லையே, அதையும் வெட்டினேன்னு எப்படிக் கையெழுத்து போடுறதுன்னு கேட்டிருக்கான்."

மொட்டையண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்வார். பதிவேட்டுல புல்தரைன்னு இருக்கு, நீ கையெழுத்து போடுய்யா, புல்லு பின்னாடி வரும்னுட்டார்."

"போட்டானா?"

"போட்டுட்டான்."

மொட்டையண்ணன் மூச்சை விட்டார். கையெழுத்து இருக்கிறவரை தரையைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். பதினோரு ஆண்டுப் பொய்க்கும் ஒரு எட்டு வரி உண்மைக்கும் பிறகு, அவரிடம் சொல்ல ஒரே ஒரு புத்திமதிதான் மிஞ்சியிருந்தது.

"நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லு," என்றார். "வாராவாரம் தவறாமப் போடச் சொல்லு."